சிப்புக்கு அரை மணி

"உன் டெஸ்ட் மறுபடி படுத்துடுச்சுடி!" என்றாள் பக்கத்து சீட் தோழி.

அவள் திரையைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த டெஸ்ட் நின்றிருந்தது.

பிரசவ விடுப்பு முடிந்து வந்ததும் கொடுத்த முதல் வேலை. போனுக்குள் இருக்கும் சேமிப்பு சிப்பை இயக்கும் புரோகிராம், அதாவது டிரைவர், எழுத வேண்டும். சிப் தனக்குள் சேரும் குப்பையைத் தானே பெருக்கிக்கொள்ளும். அதற்கு நடுநடுவே கொஞ்சம் ஓய்வு கொடுப்பது டிரைவரின் பொறுப்பு.

கொஞ்சம்தான். ஆனால் அந்த டிரைவரைச் சோதிக்கும் டெஸ்டோ காலையிலும் மதியமும் முழுசாக அரை மணி நின்றுவிடுகிறது. கேட்டால், 'சிப் பராமரிப்பு' என்கிறது திரை.

டெஸ்ட் ஓடும்போது சீட்டை விட்டு எழக் கூடாது. அதனால் நிற்கிற நேரம் பார்த்துக் கீழ்த்தளக் குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடுவாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க வந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி அது ஓடிக்கொண்டிருக்கும்.

"நான் எழுதின கோட்ல எங்கயுமே அரை மணி இல்லடி. தூக்கமில்லாம எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சா?"

"டெஸ்டை அமைச்சது சிடுமூஞ்சிதானே? அவரையே கேளேன்."

சீனியருக்கு ஆபீஸ் வைத்த பெயர் அது. குட்மார்னிங் சொன்னால்கூட, "ஏன், வேலை இல்லையா?" என்பார்.

"ஐயோ, அவர்கிட்டயா!"

"அப்ப வாயை மூடிட்டு இரு. டிரைவர்தான் மந்தம்னு உன் தலையில கட்டி வீட்டுக்கு அனுப்புவாங்க."

அன்றே உட்கார்ந்து அளந்தாள். சிப்புக்குத் தேவை இரண்டே செகண்ட். அப்படியானால் மீதி?

நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். "சார், என் பேரைக் கெடுக்கணும்னு யாரோ வேணும்னே பண்றாங்க."

மேனேஜர் சிடுமூஞ்சியைக் கூப்பிட்டார். "என்ன சார் இது? அரை மணி இல்லேன்னா சிப் செத்துடும்னு சொன்னீங்க?"

"கணக்கு தப்பிடுச்சு சார்."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படியா? நாளையிலிருந்து டெஸ்ட் நிக்கவே கூடாது. நீ வெரிகுட்மா!"

வெளியே வந்தாள். ஜெயித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எல்லோரையும் கடித்துக் குதறுகிற மனுஷன், ஏன் எதிர்த்துப் பேசாமல் திட்டு வாங்கிக்கொண்டார்?

பொறுக்க முடியாமல் பின்னாலேயே ஓடினாள்.

"சார்... ரெண்டு செகண்ட் போதும்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு சார் அரை மணி?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிள்ளைக்குன்னு கேட்டா இங்கே அஞ்சு நிமிஷம்கூடத் தர மாட்டாங்கம்மா. அதான் சிப்புக்குன்னு கேட்டு வாங்கினேன்."