குருடாயில் லாரி

கிடங்கு வாசலிலிருந்து பத்தடி நகர்ந்த லாரி, இரண்டு தரம் செருமிவிட்டு நின்றுபோனது. ராசப்பன் ஸ்டார்ட்டரை அழுத்தினான். உள்ளே என்னமோ சுற்றியதே தவிர, இன்ஜின் பிடிக்கவில்லை.

"என்னங்க ஆச்சு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தாயி. மடியில் துணி மூட்டை. ராசப்பனோடு வந்துவிடுவதாகச் சொல்லி, வீட்டுக்குத் தெரியாமல் திருப்புலி நாட்டிலிருந்து மலையிறங்கி அடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்தவள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, இப்பக் கெளம்பிரும்" என்று சொல்லிக் கீழே குதித்தான். அவள் அண்ணன் சின்னக்கண்ணு இந்நேரம் தங்கையைத் தேட ஆரம்பித்திருப்பான். அந்த முரடன் அடிவாரத்துக்கு வருவதற்குள் வண்டி கிளம்பாவிட்டால், அத்தாயியும் போனாள், ராசப்பனின் கை காலும் போயிற்று.

யுத்தம் வந்த பிறகு பெட்ரோல் குதிரைக்கொம்பாகிவிட்டது. மிளகு வியாபாரி வாங்கி விட்டிருந்த இந்த லாரி குருடாயில் என்கிற டீசல் எண்ணெயில் ஓடுவது. அதன் சீக்கு, சிணுக்கமெல்லாம் சுற்றுவட்டாரத்தில் ராசப்பன் ஒருவனுக்குத்தான் அத்துப்படி. மிளகு மூட்டை இறக்க வரும்போதெல்லாம் இது என்னங்க, அது என்னங்க என்று அத்தாயி நச்சரிப்பாள். எண்ணெய் போகிற வழியை வயல் மடையை வைத்து அவளுக்கு விளக்கியது கூட அவன்தான்.

"அந்தப் பித்தானை அமுக்கு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடிப் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தான். வெள்ளைப் புகை வந்தால் எண்ணெய் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். இங்கே புகையே இல்லை. அப்படியானால் எண்ணெயே போகவில்லை.

டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தான், பாதிக்கு மேல் நனைந்தது. முன்னால் வந்து பம்பின் நட்டைத் தளர்த்தினான், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. குழாயில் மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டுதான் வண்டி பத்தடி ஓடியிருக்கிறது.

"டேங்குல இருக்குது, பம்புக்கு வரல. நடுவுல எவனோ வேலையக் காட்டிட்டான்."

எவனோ என்ன எவனோ? இவர்கள் ஓடிப்போகிற சங்கதி தெரிந்தவன் கிடங்குக் காவல்காரன் மாணிக்கம் ஒருவன்தான். ராசப்பனுடன் ஒரே இலையில் சோறு தின்றவன். ராத்திரி லாரிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவனும் அவனே.

"சின்னக்கண்ணுகிட்டச் சொல்லிட்டியாடா?" என்று கிடங்கு வாசலில் நின்ற மாணிக்கத்தின் துண்டைப் பிடித்து இழுத்தான் ராசப்பன்.

"நானா? உன் வண்டியத் தொட்டிருந்தா என் கை அழுகிப் போவட்டும் ராசப்பா."

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ற நாயி. உன்னையப் போயி நம்புனேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கோணும்."

"அவரை வையாதீங்க" என்றாள் அத்தாயி வண்டிக்குள்ளிருந்து.

எதிரி குழி வெட்டினால் தாண்டிப் போகலாம். கூடவே இருந்து சிரித்தவன் வெட்டினால் எப்படித் தெரியும்? நம்பின மனுசனுக்கு இப்படித் துரோகம் செய்யவும் ஒரு மனசு வருமா என்று நினைக்க நினைக்க ராசப்பனுக்கு ஆறவேயில்லை.

அத்தாயியைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் வரக்கூடிய மலைப்பாதைப் பக்கம் அவள் தலை ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கண்ணெல்லாம் சேந்தமங்கலம் ரோட்டிலேயே இருந்தது. பாவம், இப்போதே டவுனுக்குக் குடித்தனம் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பம்பிலிருந்து பின்பக்கமாகக் குழாயைத் தடவிக்கொண்டே நகர்ந்தான். நசுங்கல் இல்லை, ஒழுகல் இல்லை.

அத்தாயி இறங்கி வந்து பக்கத்தில் குந்தினாள். "ஏனுங்க, நெசமாலுமே உங்களுக்குன்னு யாருமே இல்லீங்களா?"

"இதக் கேக்கற நேரமா இது? ஒண்டிக்கட்டைன்னு எத்தன தடவ சொல்றது?"

"செரிங்க" என்றாள்.

கை டேங்கின் அடியில் இருந்த திருகுக் குழாயைத் தொட்டது. அது அடைத்துக் கிடந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து திறந்தே இருக்கிற குழாய், தானாகத் திரும்பாது.

"பாவி மாணிக்கம், நீ நல்லா இருப்பியாடா?" என்று கீழிருந்தே வைதுகொண்டு திருகைத் திறந்தான். ஓடிப்போய்ப் பம்பின் நட்டைத் தளர்த்தி, குழாயில் புகுந்த காற்றெல்லாம் குமிழி குமிழியாகப் போகும் வரை காத்திருந்தான். எண்ணெய் சீராக வந்ததும் இறுக்கிவிட்டு ஏறி ஸ்டார்ட்டரை அழுத்தினான். கரும்புகையைக் கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்தது.

"கெளம்பிருச்சு. வெரசா ஏறு கண்ணு, உங்கண்ணன் வந்தறப் போறான்."

அத்தாயி ஏறவில்லை. வண்டிக்குள் கைவிட்டுத் தன் மூட்டையை எடுத்துக்கொண்டாள்.

சேந்தமங்கலம் ரோட்டிலிருந்து வந்த மாட்டு வண்டி ஒன்று லாரிக்குக் குறுக்கே நின்றது. இடுப்பில் பெண்குழந்தையோடு ஒருத்தி இறங்கினாள். அவளைப் பார்த்ததும் ராசப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

"ருக்குமணி, நீ எங்க இங்க?"

குழந்தை அவனைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் தாவியது.

தாவிய குழந்தையை நடுவில் புகுந்து வாங்கிக்கொண்ட அத்தாயி, அவனைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்காளுக்குச் சொல்லியனுப்பிட்டு, அவங்க வந்து சேர்ற வரைக்கும் வண்டி நிக்கட்டும்னு நாந்தானுங்க அடைச்சேன்."