எழுபத்திரண்டு

நாற்பத்தொன்று வரைக்கும் சரியாக எண்ணிக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் முதியோர் இல்லக் கட்டிலில் கிடந்த கோஸ்ட்யுக் ஐயா வாயைத் திறந்தார்.

"கன்னுக்குட்டி வெளிய நிக்குது. கொட்டாய்க் கதவ சாத்தாம வந்துட்டியா?"

மூன்று வாரமாக ஒரு வார்த்தை பேசாத மனுஷர். இந்த ஒரு நிமிடத்துக்காகவே சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. பண்ணையை விற்று ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஆனால் வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. கனடாவின் சாஸ்காட்செவனில் அந்தக் குளிரில் கன்று வெளியே நிற்கிறது என்றால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

எண் நழுவிவிட்டது.

காதில் துடிப்பு கேட்டுக்கொண்டேதான் இருந்தது. எத்தனையாவது என்றுதான் தெரியவில்லை. நாற்பத்திரண்டா, நாற்பத்தாறா? நடுவில் கன்றுக்குட்டி வேறு.

அதே ஸ்டெதஸ்கோப்பின் இன்னொரு குழாய் லிண்டால் டீச்சரின் காதில் இருந்தது. மாணவர்களுக்கென்றே செய்தது. ஒரு நெஞ்சு, இரண்டு ஜோடிக் காது. இருவர் கணக்கும் ஒத்துப்போனால் பாஸ். மூன்று முறைதான் விடுவார்கள். எனக்கு இது மூன்றாவது. தவறினால் பிராக்டிகல் நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு ஹாக்கி மைதானத்துக் கேன்டீனுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பதினோரு வருடம் அங்கே உருளைக்கிழங்கு வறுத்தவள் நான். நாற்பத்தாறு வயதில் சீருடை மாட்டினேன். தலைமுடியிலிருந்து எண்ணெய் வாடை போகவே ஒரு செமஸ்டர் ஆனது.

எழுத்துத் தேர்வில் 'இந்தப் படிப்பின் நோக்கம் என்ன' என்று கேட்டிருந்தார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தை அப்படியே கக்கினேன். முழு மனிதரையும் பார்ப்பது, கண்ணியம், நேர்மை, படுக்கையருகே நிற்கும் கண்ணும் காதும் நாமே. இருபதுக்குப் பத்தொன்பது. அந்த ஒரு மார்க் ஏன் போனது என்று இன்றுவரை புரியவில்லை.

நிமிடம் முடிந்தது.

"எவ்ளோ, ட்ரூடி?"

நேற்று ஐயாவின் தாளில் ஓர் எண்ணைப் பார்த்த ஞாபகம். "எழுபத்திரண்டு" என்றேன். வாய் என்னைக் கேட்கவே இல்லை.

"எனக்கும் அதேதான். பாஸ். மாத்திரையக் குடு."

என் தேர்வுத் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். குழப்பம்தான் வந்தது. குருட்டாம்போக்கில் சொன்னது எப்படிச் சரியாகும்? ஆகக் கூடாது என்று சட்டமா என்ன?

துடிப்பு அறுபதுக்குக் கீழே இருந்தால் அந்த இதய மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. இருக்கிறதையும் அது குறைத்துவிடும். அதற்காகத்தான் எண்ணுவதே.

ஐயாவின் தாளில் எழுதக் குனிந்தேன். மேலே நேற்று எழுபத்திரண்டு. முந்தாநாள் எழுபத்திரண்டு. அதற்கு முன்னும் அதுவே. ஆறு நாளாக, நாளுக்கு ஒருவராக என்னோடு படிக்கும் பிள்ளைகள் ஆறு பேர் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் லிண்டால் டீச்சரின் கையெழுத்து இருந்தது.

எந்த மனித இதயமும் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.

ஐயா குருவிக்குஞ்சு போல வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

கொடுத்துவிடலாம். டீச்சரே சொல்லிவிட்டார். முப்பது வருட அனுபவம். அவருக்கு நிஜமாகவே எழுபத்திரண்டு கேட்டிருக்கலாம். நான் சொன்னதுதான் பொய். பொய் சொன்னவள் நான் என்னும்போது அவரைச் சந்தேகப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"டீச்சர், நான் பாதியிலயே விட்டுட்டேன். மறுபடி எண்ணணும்."

"கையெழுத்துப் போட்டாச்சு ட்ரூடி." மெதுவாகத்தான் சொன்னார். "இத அடிச்சா நீ ஃபெயில். தெரியுமில்ல?"

தெரிந்தது. அழுகை வந்தது. குழாயைக் காதில் மாட்டினேன்.

"கதவு?" என்றார் ஐயா.

"சாத்திட்டேன் ஐயா. கன்னு உள்ளதான் இருக்கு."

அவர் அமைதியான பிறகு எண்ணினேன். ஐம்பத்திநாலு.

டீச்சர் குழாயை வாங்கித் தானும் ஒரு முழு நிமிடம் எண்ணினார். அவர் உதடுகள் அசைந்தன. ஒன்று, இரண்டு என்று படிக்கவே முடிந்தது. சற்றுமுன் நான் எண்ணியபோது அவர் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகமும் கண்ணில் பட்டது. அப்போது அந்த உதடுகள் அசையவில்லை.

பேனாவை எடுத்துத் தேர்வுத் தாளில் என் பெயரை அடித்தார். ஃபெயில் என்று எழுதினார். பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தையும் அடித்தார்.

"செப்டம்பர்ல திரும்பச் சேரு. நான் இருக்க மாட்டேன்."

ஆறு எழுபத்திரண்டும் இருந்த ஐயாவின் தாளை எடுத்துக்கொண்டு தலைமை நர்ஸின் அறையை நோக்கி நடந்தார்.

கூடவே ஓடிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது? என்மேல் இரக்கப்பட்டார். அந்த ஆறு பேர் மேலும் பட்டிருப்பார். நல்ல மனுஷி. யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஐயா இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தார். மாத்திரைக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"இன்னிக்கு மாத்திரை இல்லைங்க ஐயா."

அவர் வாயை மூடினார். என் முகத்தையே பார்த்தார்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றார்.