கிழக்குத் திட்டு

“நாம அசையவே இல்லையே, அப்புறம் ஏம்மா பறவைங்க பறக்குது?”

ஏழு வயதில், நாணல் திட்டுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி ஸப்தி கேட்டான். அம்மா சேற்றுக் கையால் அவன் வாயைப் பொத்தினாள். கரையில், கலகத்தை ஒடுக்க வந்த அரசுப் பட்டாளம் நின்றிருந்தது.

இப்போது ஸப்திக்கு நாற்பது. அதே சதுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஆகாயத்தாமரை பிடுங்குகிறான். கூலி கிடையாது, ஆளுக்கு ஒரு ரொட்டி, தேநீர். தண்ணீரை மூடிக் கிடக்கும் அந்தச் செடி போனால்தான் சிறகிகள், அந்த நீர்வாத்துகள், இறங்க இடம் கிடைக்கும். ஒரு துண்டு தங்கினாலும் மறு மாதம் பாய் விரித்துவிடும் என்பதால் துடுப்பால் அடிக்கக் கூடாது, கையால் தடவித்தான் எடுக்க வேண்டும்.

அதில் தன்னூனை மிஞ்ச ஆளில்லை. அறுபதைத் தாண்டியவர், வடக்கே மோஸுல்காரர், இப்போது பக்கத்து ஊரான நாஸிரியாவில் மகள் வீட்டில் இருக்கிறார். திக்குவாய். சென்ற குளிர்காலத்தில் தானாக வந்து படகில் ஏறினார். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஸப்தி மட்டும் அவர் முடிக்கும்வரை காத்திருந்தான்.

“ஹாஜி, நீங்க கிழக்குத் திட்டைப் பாருங்க,” என்றான் பிறகு.

“நா... நான் ஹஜ் போனதில்ல தம்பி. கடன் உள்ளவன ஹாஜின்னு கூப்பிடாதே.”

“சரிங்க ஹாஜி.”

வாராவாரம் இதே பேச்சுதான். கிழக்குத் திட்டுப் பக்கம் தன்னூன் வேறு யாரையும் விட்டதில்லை. அங்கே புதையல் இருக்கிறது என்று பையன்கள் கேலி செய்தார்கள்.

இந்த வருஷக் குலுக்கலில் அவருக்கு ஹஜ் கிடைத்திருந்தது. வரும் வியாழனன்று பயணம்; இது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. யார் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்கள் வாசலுக்கெல்லாம் போய், ‘என் மேலிருக்கும் பொறுப்பை நீக்கு’ என்று கேட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். அடியானுக்குச் செய்த தீங்கை அடியான் மன்னிக்காமல் ஆண்டவன் மன்னிப்பதில்லை.

“எங்க ரொட்டியச் சேர்த்துத் தின்னதுக்கு நாங்க மன்னிச்சாச்சு,” என்றான் ஒரு பையன்.

தன்னூன் சிரிக்கவில்லை. “இ... இன்னும் ஒருத்தன்கிட்ட கேக்கணும். அவன் மாட்டேன்னா பயணம் இல்ல.”

தேநீர் நேரத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஸப்தியிடம் கேட்டாள், இந்தப் பறவைகள் மேல் ஏன் இத்தனை பைத்தியம் என்று. அவன் அன்றைய கதையைச் சொன்னான். மேற்குத் திட்டில் அவனும் அம்மாவும் மூன்று தங்கைகளும் ஒளிந்திருந்தார்கள். தலைக்கு மேல் சிறகிகள் கூட்டமாக எழும்பின. சிறகி எழும்பினால் கீழே ஆள் என்று அர்த்தம். அங்கே என்ன என்று கரையில் அதிகாரி அதட்ட, ஒரு சிப்பாய், “எருமைதான் ஐயா,” என்றான். துப்பாக்கிகள் தாழ்ந்தன.

கொஞ்ச நேரத்தில் கிழக்குத் திட்டிலிருந்து இரண்டாவது கூட்டம் எழும்பியது. அதிகாரி மறுபடி கேட்டார். இந்தத் தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை. துப்பாக்கிகள் வெடித்தன. அங்கே இருந்தது ஸப்தியின் அப்பா. எடுத்து அடக்க உடம்பு கிடைக்கவில்லை.

“அந்தச் சிப்பாய் கையில கெடைச்சா கும்பிடுவீங்களா, அடிப்பீங்களா?” என்று கேட்டான் பையன்.

ஸப்தி தேநீரைக் குடித்து முடித்தான். தன்னூனின் கோப்பை அப்படியே ஆறிக் கிடந்தது.

பொழுது சாயும் முன் மற்றவர்கள் செடிப் பொதியோடு கரைக்குப் போய்விட்டார்கள். கிழக்குத் திட்டின் ஓரத்தில் இரண்டே பேர், இடுப்பளவு தண்ணீரில். செடி முழுக்கப் போய் நீர் வானத்தைக் காட்டியது.

“எ... எருமைன்னு சொன்னது நான்தான் தம்பி,” என்றார் தன்னூன்.

ஸப்தி தண்ணீரைத் தடவிக்கொண்டே இருந்தான்.

“ரெண்டாவது தடவ நாக்கு திக்கிடுச்சுன்னு இத்தன வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். திக்கல. பயந்துட்டேன்.”

இதை மட்டும் அவர் திக்காமல் சொன்னார்.

ஸப்தியின் கை நின்றது. இரண்டு சிறகிகள் வந்து இறங்கின. அவர்களைக் கண்டும் எழும்பவில்லை. அவன் கிழவரின் கையைப் பிடித்து, விரலிடுக்கில் இருந்த சேற்றைத் தண்ணீரில் அலசிவிட்டான்.

“அன்னிக்கு எருமைன்னு சொல்லத் திக்கின அதே குரல், மொத நாள் பேரைச் சொல்லத் திக்கினப்பவே தெரிஞ்சுபோச்சு,” என்றான். “தெரிஞ்சுதான் ஹாஜின்னு கூப்பிட்டேன்.”