குடிக்காதவன் குரல்

மருத்துவமனை வாசலில் இருந்த இயந்திரம் என் தம்பி தவசிலிங்கத்தின் குழறிய பேச்சைக் கேட்டதும், "மது அருந்தியவர். ஓரமாக உட்காருங்கள்" என்றது.

"எங்க குடும்பத்துல சாராயத்தைத் தொட்டவன் ஒருத்தன் கிடையாது!" என்று கத்தினேன். டாக்டர் வந்து பக்கவாதம் என்று சொல்ல இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தம்பியின் வலக்கை போய்விட்டது.

இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுப்பவன் வார்டுக்கு வந்தான். "குழறலுன்னா அதுக்குக் குடிகாரங்க குரலை மட்டுந்தான் பழக்கியிருக்கோம், பெரியவரே. தம்பி குரலைக் குடுத்தா பாடமா சேர்த்துருவோம்."

"தர்றோம். ஆனா குடிக்காதவன்னு அவன் பேரோட எழுதணும்."

தம்பி சிரமப்பட்டுத் தன் பெயரைச் சொன்னான்.

"இன்னுங் கொஞ்சம் தெளிவா சொல்லுங்க" என்றான் பயிற்சி கொடுப்பவன்.

"உனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது எவன்டா?" என்று கேட்டேன்.