எழும்பக் கூடாத வீடு

"ஆர் வந்தாலும் ஒருத்தரும் எழும்பக் கூடாது. விளங்கிச்சுதோ?"

பாலேந்திரன் இதைச் சொன்னபோது அறைக்குள் நாலு பேர் இருந்தார்கள். வாசலுக்கு இடப்பக்க மூலையில் ஜவாஹிர், வலப்பக்க மூலையில் அவன் மனைவி மஸீனா. பின்சுவரோரம் ஒரு மூலையில் ஹேவாஹெட்டவிலிருந்து வந்த தச்சர் ராஜலிங்கம், மற்ற மூலையில் பாலேந்திரன். நடுவில் வெறும் கதிரை. அது வரப்போகும் பெரிய அதிகாரிக்கு.

இப்படி அளந்து உட்கார வைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த அறைக்குக் கீழே தரை இல்லை. தார்ப் பீப்பாக்கள். பீப்பாக்களுக்குக் கீழே மகாவலி.

கண்டிக்குக் கிட்ட, கெலிஓயாப் பக்கம் மழை பெருத்தால் ஆறு வீட்டுக்குள் வந்துவிடும். கரைக் குடும்பங்களை மேட்டுக்கு ஏற்றிவிடுவதென்று அரசாங்கக் கந்தோரில் முடிவாகியிருந்தது. ஜவாஹிரின் கீரைப் பாத்தியும் போஞ்சிக் கொடியும் ஆற்றோரத்தில். மேட்டிலிருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், பறிக்க முடியாது.

கந்தோரில் படவரைஞராக இருந்த பாலேந்திரன்தான் இந்த மிதக்கும் வீட்டை வரைந்தார். நாலு கம்பத்தில் கட்டிய வீடு, வெள்ளம் ஏறினால் கூடவே ஏறும், வடிந்தால் இறங்கும். கரையோர மூங்கில், மூங்கில் பாய்ச் சுவர், குடிக்கக் கூரைத் தண்ணீர். காட்டு மரம் ஒன்றும் வெட்டவில்லை. இன்று அதிகாரி ஒப்பம் வைத்தால் கரைச் சனம் கரையிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மேட்டுக்கு.

குறை ஒன்றே. போர்க்காலத்தில் ஒரு யாழ்ப்பாணத்தவர் ஆற்றங்கரையில் இரும்புப் பீப்பாக்களோடு என்ன செய்கிறார் என்று விசாரிக்காத ஆளில்லை. கேட்ட பீப்பாக்களில் பாதிக்குத்தான் அனுமதி கிடைத்தது. வீடு மிதந்தது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு கிழமையாக ஒத்திகை. ராஜலிங்கம் கழுத்தில் துவாயை டை மாதிரிக் கட்டிக்கொண்டு அதிகாரியாக வந்தார். பழக்கதோஷத்தில் மஸீனா ஒருதரம் எழும்பிவிட்டாள். பாலேந்திரன் அவளுக்குப் பிரசங்கமே வைத்துவிட்டார்.

"மரியாதை வேற, பாரம் வேற, பிள்ளை. ஆற்றுக்கு மரியாதை தெரியாது."

"நாங்க ஈந்த எடத்துலேயே ஈப்போம் சேர்," என்றான் ஜவாஹிர். பிறகு கிழக்குச் சுவரில் பலகை அடித்து அழகாக வளைத்திருந்த சின்ன மாடத்தைக் காட்டி, அது என்னத்துக்கு என்று நாலாம் தடவையாகக் கேட்டான்.

"காத்துக்கு."

"காத்துக்கு ஜன்னல் ஈக்கிதே சேர்?"

"இது வேற காத்து."

அதிகாரி ஏக்கநாயக்க பலகைப் பாலத்தில் நடந்து வந்து வாசற்படியில் நின்றார். நின்றவர் உள்ளே வரவில்லை. தன்னைக் கண்டு எழும்பாத மனிதர்களை அவர் பார்த்து வெகுகாலம். ஜவாஹிர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தான். மஸீனா முக்காட்டை மட்டும் இழுத்துவிட்டாள். ராஜலிங்கம் மூச்சையும் அளந்தே விட்டார். அதிகாரியின் முகம் மெல்லச் சுருங்கியது.

அந்தச் சுருக்கத்தைக் கண்டதும் பாலேந்திரனின் கால்கள் அவரைக் கேட்காமலே எழும்பின. கை கூப்பிக்கொண்டு, "வாங்கோ சேர்" என்று வாசலுக்கே போய்விட்டார். அவர் குனிய, வீடும் அவரோடு சேர்ந்து குனிந்தது. அதிகாரி ஆற்றில் இருந்தார்.

ஆழம் இடுப்பளவுதான். ராஜலிங்கமும் ஜவாஹிரும் இறங்கித் தூக்கினார்கள். பாலேந்திரன் கூப்பிய கையை இறக்க மறந்து அப்படியே நின்றார்.

கரையில் காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றியபடி அதிகாரி அவரைப் பார்த்தார். தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"எத்தனை வருஷ சேவை?"

"பத்தொன்பது, சேர்."

"அதுதானே பார்த்தேன்." அவர் தலையை ஆட்டினார். "நான் விழுந்தேன். வீடு விழவில்லை, நிமிர்ந்து நிற்கிறது. ஒப்பம் வைக்கிறேன். யார் குடியிருக்கலாம், யார் கூடாது என்று நிபந்தனையை நீங்களே எழுதி அனுப்புங்க."

பிற்பகல் ஜவாஹிர் வீட்டு மேசையில் பாலேந்திரன் எழுத உட்கார்ந்தார். வழக்கம்போல் மார்ஜின் விட்டு, இலக்கமிட்டு எழுதினார். கடைசி நிபந்தனையை ஜவாஹிருக்கு வாசித்தும் காட்டினார்: அதிகாரிகளைக் கண்டால் எழும்பும் பழக்கமுள்ளோர், குறிப்பாக அரச ஊழியர், இவ்வீடுகளில் குடியமர்த்தப்படலாகாது.

மஸீனா முக்காட்டுக்குள் சிரித்தாள். ஜவாஹிருக்குத்தான் மனம் கேட்கவில்லை. அந்த வரியை விட்டுவிட்டால் என்ன என்றான்.

"விட்டாக் கணக்குப் பிழைக்கும். என்னை மாதிரி ஒருத்தன் உள்ளுக்க இருந்தா, வாற ஆக்களையெல்லாம் ஆத்தில தள்ளுவான். கண்டனிங்கள்தானே."

கடித உறையை ஒட்டினார். மஸீனா தேத்தண்ணீர் வைத்தபடி, மழை அடித்தால் அந்த மாடத்தால் சாரல் வருமென்றும், அதை அடைத்துவிடலாமா என்றும் கேட்டாள்.

"அடையுங்கோ," என்றார் பாலேந்திரன். "இனிச் சாமி விளக்கு வைக்க அங்க ஆளில்லை."

பிறகு இன்னொரு தாளை எடுத்து, இதற்கு மார்ஜின் விடாமல், யாழ்ப்பாணத்திலிருந்த மனைவிக்கு எழுதினார்: "கமலாசனி, கலவரத்துக்குப் பிறகு கண்டியில் எங்களுக்கு வாடகைக்கு வீடு தர ஒருவரும் இல்லாதபடியால், ஆற்றில் எங்களுக்கென்றே ஒன்று கட்டினேன். அதில் என்னைக் குடிவைக்கக் கூடாதென்று இன்றைக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், கட்டின பெட்டிகளை அவிழ்த்து வையும்." அதையும் ஒட்டி, இரண்டையும் ஜவாஹிரிடம் கொடுத்துத் தபாலுக்கு அனுப்பினார்.