புகை போகும் வழி

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா உன் புகையை?"

பாகீரதி மாமி மாடிப்படியில் பாதி இறங்கி நின்றபடியே குரல் கொடுத்தாள்.

தர்ஷினி அவசரமாக லேசர் மிஷினை நிறுத்தினாள். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்த வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்து, மரப்பலகையில் பெயரும் படமும் லேசரால் பொறித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். வைட்ஃபீல்ட் ஐ.டி. கம்பெனிகளில் யாராவது ஐந்து வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்துவிட்டால் போதும், அந்த அதிசயத்தைக் கொண்டாட இவளுக்கு ஒரு ஷீல்டு ஆர்டர் வந்துவிடும். தொழில் நன்றாகத்தான் போனது. மரம் கருகும் வாடையும் நன்றாகவே மாடிக்குப் போனது.

"இல்ல மாமி, சின்ன வேலைதான்..."

"சின்ன வேலைன்னா சின்னதா நாறுமா? ஜன்னலைத் திறக்க முடியலை. ஓஸ்வால்ட் கிட்டச் சொல்லியாச்சு!"

வீட்டுக்காரர் ஓஸ்வால்ட் அன்று சாயங்காலமே வந்து நின்றார்.

"சர்ச் வாசல்லயே வெச்சுப் புடிச்சுட்டாங்கம்மா அந்த மாமி. ஃபாதர் பாக்குறாரு, வர்றவங்க போறவங்க எல்லாம் பாக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள வாடை நிக்கணும். இல்லேன்னா நீ வேற எடம் பாத்துக்க. என்னால தாங்க முடியாது."

தர்ஷினி இருந்த வேலையை விட்டுவிட்டு, வேலூரில் வீட்டார் அத்தனை பேரோடும் சண்டை போட்டுத் தொடங்கிய கடை.

ஆறுதலாகப் பேச ஒரே ஒரு ஆள் இருந்தார். மாமியின் கணவர் சுந்தரராமன். பி.டபிள்யூ.டி.யில் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். கடைக்கு நேர் மேலே இருந்த பால்கனியில் காலையும் மாலையும் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். நியாயமாகப் பார்த்தால் புகார் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"அவ கிடக்கறா, நீ கவலைப்படாதேம்மா. தொழில் பண்ற பொண்ணு. பெங்களூர்ல எந்தக் காத்து சுத்தமா இருக்கு? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கோ, கொஞ்சம் அனுசரிச்சுக்கோன்னு அவகிட்டத் தினம் சொல்லிண்டுதான் இருக்கேன்."

இப்படி ஒரு தங்கமான மனுஷர், அவருக்கு இப்படி ஒரு மனைவி. ஜோடி சேர்க்கும்போது கடவுள் கண்ணை மூடிக்கொள்வார் போலிருக்கிறது என்று தர்ஷினி நினைத்துக்கொண்டாள்.

புகை உறிஞ்சும் மிஷின் வாங்க, எலெக்ட்ரிக் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குக் கிளம்பியபோது மாமி படியிலிருந்தே உத்தரவு போட்டாள்.

"வாங்கறதுதான் வாங்கறே, ஒரு துளி வாடை வராததாப் பார்த்து வாங்கு!"

துணைக்கு வருகிறேன் என்று சுந்தரராமன் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

கடைக்காரர் இரண்டு காட்டினார். ஒன்று சாதா எக்ஸாஸ்ட் ஃபேன். புகையை இழுத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளும், அவ்வளவுதான். இன்னொன்று உள்ளே கரி ஃபில்டர் வைத்த பெட்டி. புகையோடு வாடையையும் விழுங்கிவிடும். ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் வாயில் நீட்டினார். பின்பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தால் ஊதுபத்தியின் சுவடே இல்லை.

சுந்தரராமனின் முகம் வாடியது.

"இது எதுக்கும்மா? விலை ஜாஸ்தி. சத்தம் வேற. ஃபில்டரை மாத்திண்டே இருக்கணும். பேசாம ஃபேனைப் போட்டு, குழாயை எங்க பால்கனி பக்கமா விட்டுடு."

"உங்க பால்கனிக்கா சார்?"

"ஆமாம்மா. நான்தானே அங்கே உக்காந்திருக்கேன்? எனக்கு ஒண்ணும் ஆகாது. அவளை நான் சமாளிச்சுக்கறேன்."

பெற்ற அப்பாகூட இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இவர் மூக்கில் புகையை விட்டால் நமக்கு நல்ல கதியே கிடைக்காது என்று அந்தக் கணமே முடிவு செய்துவிட்டாள்.

"ஃபில்டர் பெட்டியையே பேக் பண்ணுங்கண்ணா."

திரும்பி வரும்போது சுந்தரராமன் ஆட்டோவில் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். தனக்காக ஒரு சின்னப் பெண் இவ்வளவு செலவு செய்கிறாளே என்று சங்கடப்படுகிறார், பாவம் என்று தர்ஷினி எடுத்துக்கொண்டாள்.

பெட்டியை மாட்டியாயிற்று. நாள் முழுக்க வேலை ஓடியும் பக்கத்தில் நின்றவளுக்கே வாடை தெரியவில்லை. மாடியிலிருந்தும் சத்தமில்லை. அப்பாடா என்றிருந்தது.

மாசக் கடைசிக்கு முந்தின நாள், மாமி படியிறங்கி நேராகக் கடைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"மிஷின் ஓடறதா?"

"இல்ல மாமி. காலையிலேர்ந்து போடவே இல்ல. பலகை இன்னும் வரல."

"நிச்சயமா?"

"தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கு. ஏன் மாமி, மேல வாடை வருதா?"

நாளைக்கு ஓஸ்வால்ட் வந்துவிடுவார்.

மாமி மிஷினைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வர்றது. பால்கனில வர்றது." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன வருஷம் ஹார்ட் அட்டாக் வந்து பொழைச்சவர். இனிமே சிகரெட்டைத் தொட்டா ஆளே இருக்க மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார். என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணினார். அப்புறமும் சட்டைல நாத்தம். கேட்டா, 'கீழே அந்தப் பொண்ணோட புகை'ம்பார். உன் புகை நிக்காம, அது எந்தப் புகைன்னு என்னால கண்டுபிடிக்க முடியலை. அதான்டி உன்னோட அவ்வளவு மல்லுக்கு நின்னேன். ஓஸ்வால்ட் கிட்ட நான் பேசிக்கறேன், நீ எங்கேயும் போக வேண்டாம். மனசுல வெச்சுக்காதே."

தர்ஷினி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மேலே பால்கனியில் ஓர் இருமல். தொடர்ந்து சுந்தரராமனின் கனிவான குரல்:

"பாகீ! மறுபடியும் அந்தப் பொண்ணோட சண்டைக்குப் போகாதே! மிஷின்னு இருந்தா கொஞ்சம் புகை வரத்தான் செய்யும். நான் பொறுத்துக்கறேன்!"