எலுமிச்சையின் எதிரி

"அக்கா! யாரோ உன் எலுமிச்சையைக் கொல்லப் பாக்குறாங்க!"

மொட்டை மாடியிலிருந்து தங்கச்சி போட்ட கூச்சலில், தையல்காரி ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு மேலே ஓடினாள்.

நான்கு நாள் அடைமழை விட்டு இது மூன்றாவது காலை. மழை நின்ற அன்றே, நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கும் தங்கச்சி வந்துவிட்டாள். எலுமிச்சைத் தொட்டியில் தேங்கிய தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினாள். அடியில் அடைத்திருந்த ஓட்டையைக் கம்பியால் குத்தித் திறந்து, தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தாள். சாய்ந்த தண்டுக்குக் குச்சி ஊன்றிக் கட்டினாள்.

"வேர் மூச்சு விடணும்க்கா. மேல்மண்ணு நல்லா காயுற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கூடாது" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மூன்று வருஷத்தில் இப்போதுதான் அந்தச் செடியில் முதல் முதலாக மொட்டு வந்திருந்தது. மழைக்கு முன்னால் பதினொன்று. இப்போது ஏழு. இலையெல்லாம் பிழியாத துணி மாதிரி தொங்கியது.

"தொட்டுப் பாரு. ரெண்டு நாள் வெயில் அடிச்சும் மண்ணு சேறா இருக்கு. யாரோ தண்ணி ஊத்துறாங்க. இப்படியே போனா வேர் அழுகிடும். அப்புறம் மொட்டாவது மண்ணாவது! நீ ஊத்தலையே?"

"நானா? நல்ல நாள்லயே எனக்கு ஞாபகம் வராது."

"அதுவும் சரிதான். நீ ஊத்துறதே அத்தி பூத்த மாதிரி."

"போன வருஷம் ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வந்தேனே, ஒரு இலை வாடுச்சா? கைராசிடி என் கை!"

"ரொம்பத்தான் பீத்திக்காத. யாரு ஊத்துறாங்கன்னு சொல்லு."

தையல்காரி குரலைத் தாழ்த்தினாள். "வேற யாரு? எதிர்வீட்டு முசுடுதான்."

அதே கட்டடத்தில், எதிர்க்கதவு வீட்டில் தனியாக இருக்கும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ரயில் கார்டுக்கு அவள் வைத்த பெயர் அது. செடி வாங்கிய புதிதில், தொட்டியிலிருந்து வழிந்த சேற்றுத் தண்ணீர், அதே பொது மொட்டை மாடியில் அவர் விரித்துக் காயப்போட்ட வெள்ளைப் போர்வையை நனைத்துவிட்டது. "முதல்ல இந்தச் செடியைத் தூக்கிப் போடுங்க" என்றார் அவர். "உங்க போர்வையைத் தூக்கிப் போடுங்க" என்றாள் இவள். அன்றோடு இரண்டு கதவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"சும்மா பழி போடக் கூடாது. கையும் களவுமா பிடிப்போம்" என்றாள் தங்கச்சி. கண் இரண்டும் மின்னின.

சாயங்காலம் முகப்பவுடர் டப்பாவோடு மேலே வந்து, தொட்டியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று தூவினாள்.

"அடிப்பாவி, அது உங்க மாமாவோட புது டப்பாடி!"

"ஒரு நாள் பவுடர் போடாம போனா மாமாவை ஆபீஸ்ல அடையாளம் தெரியாதா என்ன? சும்மா இருக்கா."

மறுநாள் விடிந்ததும் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு படியேறினார்கள்.

மண் மறுபடியும் சொதசொத. ஒரு மொட்டு உதிர்ந்து கிடந்தது. பவுடரில் பளிச்சென்று செருப்புத் தடம். அதன் பக்கத்திலேயே மூன்று மூன்றாக வட்டப் புள்ளிகள்.

"மூணு கால் ஊன்றுகோல்!" தங்கச்சி குதித்தே விட்டாள். "மாட்டிக்கிட்டாரு மனுஷன்!"

"பாத்தியாடி வன்மத்தை! மூட்டுவலின்னு பால் பாக்கெட் வாங்கக்கூட இறங்காதவர், என் செடியைக் கொல்றதுக்கு மட்டும் மாடி ஏறி வந்திருக்கார்!"

தடதடவென்று இறங்கிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்ன, இடித்தாள்.

கதவு திறந்தது. செருப்பில் பவுடர். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் ஈரம் காயாத பிளாஸ்டிக் மக்.

"ஏன் சார், செடி உங்களை என்ன சார் பண்ணுச்சு? எதுக்குத் தண்ணி ஊத்துனீங்க?"

 அவர் அவளுக்குப் பின்னால் நின்ற தங்கச்சியைத்தான் பார்த்தார்.

"நாற்றுப்பண்ணையில வேலை பாக்குற பொண்ணு நீதானேம்மா? நல்லவேளை, நீயே வந்துட்ட. பதினோரு மொட்டு இருந்துச்சு, இன்னிக்கு ஆறுதான் இருக்கு. மூணு வருஷமா தினம் காலையில நான் ஊத்துற ஒரு மக் தண்ணியை ஜம்முனு குடிச்சுக்கிட்டு நின்ன செடிம்மா. இப்ப வாடிக் கெடக்கேன்னு ரெண்டு மக்கா ஊத்தியும் ஏன் குடிக்க மாட்டேங்குது?"

தங்கச்சி அக்காவின் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

"கைராசிக்காரர் கேக்குறாரு பாருக்கா, பதில் சொல்லு."